பின்பக்கச் சத்த ஆய்வுக் குழு

நெடுங்கைதை தென்னை விவசாயிகள் கூட்டுறவுச் சங்கத்தின் வெள்ளைக் கார், தலைவர் திவாகரன் மாஷைச் சுமந்துகொண்டு பாலத்தில் ஏறியபோது பின்னாலிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம் வந்தது. பாலத்தைவிட்டு இறங்கியபோது இன்னொன்று. மாஷ் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். கரும்பலகையைப் பார்த்து நின்றே காலத்தைக் கழித்ததால், முதுகுக்குப் பின்னால் கேட்கும் எந்தச் சத்தத்தையும் தனக்கு எதிரானது என்றே எடுத்துக்கொள்வார்.

“புஷ்கரா, பின்னால யாரு?”

“யாரும் இல்ல மாஷே. வண்டிதான்.”

“வண்டி தானா ஒண்ணும் பண்ணாது. யாராவது பண்ண வைப்பாங்க.”

டிரைவர் புஷ்கரன் சங்கத்தில் சேர்ந்த நாளிலிருந்து அதே காரை ஓட்டுகிறவன். பயந்த சுபாவம். ஆடு குறுக்கே வந்தால் வண்டியை நிறுத்தி, ஆட்டைப் பார்த்து ஒரு சங்கடச் சிரிப்புச் சிரித்துவிட்டுத்தான் போவான். சங்கக் கட்டிடத்துக்கு எதிரிலேயே பைலியின் ஒர்க்‌ஷாப் இருந்தது. ஓணத்துக்கு முன்னால் பின்பக்க ஸ்பிரிங்கில் புஷ் என்னும் ரப்பர் வளையத்தை மாற்றிக் கொடுத்தவனும் அவன்தான். போகிற போக்கில் பைலியிடம் ஒரு தடவை காட்டிவிடலாமே என்று புஷ்கரன் மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். மாஷ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் விஷயம் நிர்வாகக் குழுவுக்குப் போகிறது என்று அர்த்தம்.

நிர்வாகக் குழுவில் அன்றைக்கு முதல் பொருள், தேங்காய்க் கொள்முதல் நின்றுபோனது. அதைத் தள்ளிவைத்துவிட்டுச் சத்தத்தை எடுத்தார்கள். சத்தம் முந்தைய நிர்வாகம் விட்டுப்போன சொத்து என்று மாஷின் ஆட்கள் சொன்னார்கள். முந்தைய நிர்வாகத்தின் காலத்தில் கார் பூனை மாதிரி போகும் என்றும், இந்த நிர்வாகம் வந்த பிறகுதான் உறுமவும் இடிக்கவும் தொடங்கியது என்றும் எதிர் அணித் தலைவர் வர்க்கிச்சன் மேஜையைத் தட்டினார். மாஷைத் தவிர இரண்டு பக்கத்திலும் யாரும் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கவில்லை. கேட்டிருந்த இன்னொரு ஆளான புஷ்கரன் டீத் தட்டோடு வாசலில் நின்றுகொண்டிருந்தான். நிர்வாகக் குழுவில் ஊழியர்கள் வாய் திறக்கக் கூடாது என்பது சங்க விதி. எல்லோருக்கும் பழம்பொரி எடுத்து வைத்துவிட்டு வெளியே வந்தான்.

பைலியிடம் கொடுத்தால் என்ன என்று எவனோ ஒரு புது மெம்பர் தெரியாமல் கேட்டுவிட்டான். மாஷ் எழுந்து நின்றார்.

“நண்பர்களே, மெக்கானிக்கிட்ட கொடுத்தா அவன் சத்தத்தை நிறுத்திடுவான். நிறுத்தினப்புறம் நாம எதை வெச்சு விசாரிக்கிறது?”

வர்க்கிச்சனே முதல் ஆளாகக் கை தூக்கினார். பின்பக்கச் சத்த ஆய்வுக் குழு ஏகமனதாகப் பிறந்தது. மாஷின் பக்கம் ஒருவர், எதிர்ப்பக்கம் வர்க்கிச்சன், நடுநிலைக்குக் குஞ்ஞுண்ணிக் கைமள். கைமளுக்குக் காது மந்தம். எந்த அணி சொல்வதும் அவர் காதில் விழுந்ததில்லை என்பதால், அவரைவிட நடுநிலையான மனிதர் எங்கள் ஊரில் கிடையாது.

குழு முதலில் காரைச் சுற்றி வந்தது. பிறகு டிக்கிக்கு முன்னால் நின்றது. அங்கேதான் சிக்கல்.

காரின் டிக்கி முழுக்கச் சங்கத்தின் பொன்விழா மலர் கட்டுக்கட்டாக இருந்தது. விழா முடிந்து வெகுகாலம் ஆகியும் விற்காத மலர்களுக்கு ஆபீஸில் இடமில்லாமல் டிக்கியில் ஏற்றினார்கள். அன்றிலிருந்து கார் சங்கத்துக்குச் சொந்தம், டிக்கி மலர்க் குழுவுக்குச் சொந்தம். மலர்க் குழு அதன்பிறகு கூடவே இல்லை. கூடாததால் கலைக்கவும் முடியவில்லை. அதன் கன்வீனர் வக்கீல் சுகுமாரபிள்ளை டிக்கிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வளைகுடாவில் இருக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தார். ஒரு குழுவின் எல்லைக்குள் இன்னொரு குழு கை வைப்பது சரியில்லை என்று வர்க்கிச்சன் சொன்னார். வாழ்க்கையில் முதல் முறையாக மாஷும் அவரோடு ஒத்துப்போனார்.

டிக்கிக்கு இன்னொரு சாவி உண்டு. அது புஷ்கரனின் மடியில் இருந்தது. யாருக்கும் தெரியாது. அப்போது அவனுக்கும் அது ஒரு பெரிய விஷயமாகப் படவில்லை.

சத்தத்தை நேரில் கேட்க வேண்டும் என்று குழு முடிவு செய்தது. உள்ளூர் ரோடு பழகிப்போனதால் சத்தம் சரியாக வராது என்று சொல்லிக் காயலோரத்து விருந்தினர் மாளிகைக்குப் போனார்கள். போகிற வழியில் அரசியல் பேசினார்கள். கரிமீன் சாப்பிட்டார்கள். திரும்புகிற வழியில் தூங்கினார்கள். பாலம் வந்தது, டொக். கைமள் மட்டும் திடுக்கிட்டு எழுந்து, தனக்குத் தெளிவாகக் கேட்டது என்றார். சத்தம் ‘டொக்’கா ‘டக்’கா என்று காருக்குள்ளேயே வாக்கெடுப்பு நடந்தது. இரண்டுக்கு ஒன்று என்று ‘டொக்’ ஜெயித்தது. வர்க்கிச்சன் ‘டக்’குக்காக மாற்றுக் குறிப்பு எழுதிவைத்தார்.

அன்று புஷ்கரன் வீட்டுக்கு வந்தால் மனைவி வல்சலா அம்மியின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். தேங்காயும் மிளகாயும் அம்மியின் மேல் இருந்தன. குழவி இல்லை.

“என் அண்ணன் மாதிரி ஒரு பிசுநாறிய இந்தச் சில்லாவுலயே பாக்க முடியாது. அம்மியக் குடுத்துட்டுக் குழவிய அமுக்கிக்கிட்டான். இன்னிக்கு போன்ல நல்லா கேட்டுட்டேன்.”

“என்ன சொன்னார்?”

“புளுகறான். ஈரத் தோர்த்துத் துண்டுல சுத்தி அவன் கையாலயே கார் டிக்கில வெச்சானாம். சத்தியம் பண்றான், கூச்சமில்லாம.”

புஷ்கரன் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவன், ஒரு கை சட்டைக்குள் இருக்க அப்படியே நின்றான். டொக்.

அந்த அம்மியின் கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். சத்தம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் வல்சலாவின் தாய்வீட்டைப் பங்கு பிரித்து, வீட்டை இடிக்க நாள் குறித்திருந்தார்கள். அம்மியை முந்தின நாளே எடுக்காவிட்டால் அது அண்ணிக்குப் போய்விடும். முந்தின நாள் பார்த்து ஹர்த்தால். பஸ் கிடையாது, ஆட்டோ கிடையாது. சங்கத்துக்கு விடுமுறை, வெள்ளைக் கார் மட்டும் ஷெட்டில் சும்மா நின்றது. வல்சலாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பதைவிட ஹர்த்தாலை மீறுவது சுலபம் என்று புஷ்கரனுக்குத் தோன்றிவிட்டது.

ஹர்த்தால் அன்று வண்டி ஓட வேண்டுமானால் கண்ணாடியில் ‘ஆஸ்பத்திரி’ என்றோ ‘மரணம்’ என்றோ எழுதி ஒட்டியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரி என்றால் உள்ளே நோயாளி இருக்கிறானா என்று எட்டிப் பார்ப்பார்கள். மரணத்துக்கு ஒரு கறுப்புத் துணியும் ஒரு முகமும் போதும். முகம் புஷ்கரனுக்கு இயற்கையிலேயே இருந்தது. பாலத்தில் சுமைதூக்கும் தொழிலாளர் சங்கத்தின் சுகதன் ஆட்களோடு நின்று காரை மறித்து, யார் போனது என்று கேட்டான். புஷ்கரன் இதற்குப் பதில் யோசித்துவைத்திருக்கவில்லை. எதிரே பைலியின் வீட்டு ஓடு தெரிந்தது. “பைலியோட அம்மா” என்று வாயில் வந்துவிட்டது. சுகதன் தலைக்கட்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு வழிவிட்டான்.

பைலியின் அம்மா ஏலியாம்மா அந்த நேரம் வீட்டில் மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்து அவசர அவசரமாக அம்மியை இறக்கியபோது குழவி கைக்குத் தட்டுப்படவில்லை. மலர்க் கட்டுகளைத் தள்ளியதில், அது சக்கர வளைவுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் உருண்டுவிட்டது போலிருக்கிறது. மச்சான்தான் வைக்க மறந்துவிட்டார் என்று புஷ்கரன் சொன்னான். வல்சலா அதை உடனே நம்பினாள். அண்ணனைப் பற்றி எதையும் உடனே நம்புவாள்.

ஆக, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று இப்போது ஊரில் ஒரே ஒரு ஆளுக்குத் தெரியும். அவனுக்கு வாய் திறக்க வழி இல்லை. ஹர்த்தாலில் சங்கத்தின் காரை எடுத்தது, அதுவும் ஹர்த்தாலை ஆதரித்துத் தீர்மானம் போட்ட சங்கத்தின் காரை. உயிரோடு இருக்கும் ஒரு கிழவியைக் கொன்றது. மலர்க் குழுவின் டிக்கியைத் திறந்தது. மூன்றில் எதைச் சொன்னாலும் வேலை போகும். மறுநாளே எடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு படுத்தான். தூக்கம் வந்தது என்று சொல்ல மாட்டேன்.

மறுநாள் ஷெட்டுக்குப் போனால் காருக்கு இரண்டு பக்கமும் நாற்காலி போட்டு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சுகதனின் ஆட்கள். சத்தம் வருவது சாமான் ஏற்றும் பகுதியிலிருந்து. சாமான் ஏற்றுவதும் இறக்குவதும் தொழிலாளியின் உரிமை. ஆகவே அங்கே என்ன கிடக்கிறதோ அது யாராலும் தீண்டப்படாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதும் தொழிலாளியின் உரிமை என்று சுகதன், கூட்டுறவுச் சங்கத்தின் செக்ரட்டரி அம்பிகாதேவியிடம் விளக்கிவிட்டுப் போயிருந்தான். கார் வெளியே போனால் இருவரில் ஒருவன் முன்சீட்டில் ஏறிக்கொள்வான். கேட்பதும் வேலைதான் என்று சொல்லி, ஒவ்வொரு டொக்குக்கும் தலையை ஆட்டுவான்.

புஷ்கரன் ஓட்டினான். முன்பெல்லாம் பாலம் வந்தால் கியர் மாற்றுவான். இப்போது பாலம் வந்தால் கண்ணை மூடிக்கொள்ளாமல் இருக்கவே பாடுபட வேண்டியிருந்தது.

குழுவுக்குள் டொக்–டக் சண்டை முற்றியதால், பொறியியல் கல்லூரியிலிருந்து புரொபசர் ஈப்பனை வரவழைத்தார்கள். சத்தங்களைப் பற்றியே படித்துப் பட்டம் வாங்கியவர். ஒரு பெட்டி, பெட்டி நிறைய ஒயர், ஒயரைப் பிடிக்க ஒரு சிஷ்யன். பெட்டியை அவர் முன்சீட்டில் வைத்தார். சத்தம் பின்னால் அல்லவா என்று அம்பிகாதேவி கேட்டாள். புரொபசர் அவளைப் பரிதாபத்தோடு பார்த்தார்.

“பின்னால சத்தம் கேட்டா பின்னால போய்ப் பாக்கறது நாட்டுவைத்தியம் மேடம். நாங்க முன்னாலருந்துதான் வருவோம்.”

“டிக்கியைத் திறந்து பாக்க வேண்டாமா சார்?”

“திறந்து பாத்தா, பாத்தது மட்டும்தான் தெரியும்.”

கார் பாலத்தில் மேலும் கீழும் போய்வந்தது. பெட்டியிலிருந்து ஒரு தாள் வந்தது. தாளில் மலைமலையாகக் கோடு. புரொபசர் அதைத் தலைகீழாகவும் ஒருமுறை பார்த்தார். பிறகு, கடைசியாக இந்தக் காரின் பின்பக்கத்தில் கை வைத்தது யார் என்று கேட்டார்.

புஷ்கரன் ஓர் அடி முன்னால் வந்தான். இதோ கேட்டுவிட்டார்கள், சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். அதற்குள் அம்பிகாதேவி, “பைலி. ஓணத்துக்கு முன்னால புஷ் மாத்தினான்” என்றாள்.

“அப்ப அதுதான்” என்று புரொபசர் தாளை மடித்தார். திறந்த வாயைப் புஷ்கரன் கொட்டாவியாக மாற்றிக்கொண்டான். பிறகு அவன் பலநாள் நினைத்து நினைத்து வெந்தது இந்தக் கொட்டாவியைத்தான்.

அறிக்கை வந்தது. பழுதுக்குக் காரணம் பைலி பொருத்திய புஷ் என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. மீதிப் பக்கங்களில் கோடுகள். அதை வைத்து மாஷ் மேலிடத்துக்கு எழுதி, சங்கத்துக்குப் புதுக் கார் வாங்க அனுமதியும் வாங்கிவிட்டார். பைலியின் ஒர்க்‌ஷாப்பைச் சங்கத்தின் நோட்டீஸ் பலகையில் பெயர் போட்டு விலக்கினார்கள். எங்கள் ஊரில் சங்கப் பலகைதான் பத்திரிகை. மறுவாரத்திலிருந்து அந்த ஒர்க்‌ஷாப்பில் ஒரு ஜீப்பும் நுழையவில்லை.

பைலி சண்டைக்கு வருவான் என்று எல்லோரும் காத்திருந்தோம். வரவில்லை. எதிரில் உட்கார்ந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். புஷ்கரன் போய்ப் பக்கத்தில் நின்றான்.

“நான் சரியாத்தான் முறுக்கினேன்னு நினைச்சிட்டிருந்தேன் சேட்டா. புரொபசர் பொய் சொல்வாரா?”

“அவரும் மனுஷன்தானே பைலி.”

“இல்ல. கோடு இருக்கு. செக்ரட்டரி காட்டினாங்க. எவ்வளவு பெரிய கோடு!”

அதன் பிறகு பைலி, தான் முன்பு பழுதுபார்த்த வண்டிக்காரர்களின் வீடுவீடாகப் போய், பின்னால் ஏதாவது சத்தம் வருகிறதா என்று கேட்கத் தொடங்கினான். கேட்டவுடன் அவர்களுக்கும் வந்தது.

ஒருநாள் புஷ்கரனை ஏலியாம்மா வழிமறித்தாள். குடம்புளி போட்ட மீன்கறி ஒரு பாத்திரத்தில். வல்சலாவுக்கு அரைக்க வழியில்லை என்று கேள்விப்பட்டாளாம்.

“மோனே, எனக்கு ஒரே ஒரு கவலை. பேரு கெட்டவன் வீட்டுச் சாவுக்கு எவன் வருவான்? நான் கண்ண மூடும்போது நாலு பேராவது முற்றத்துல நிக்கணும்ல.”

புஷ்கரன் பாத்திரத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அந்தக் கறியை அவனால் சாப்பிட முடியவில்லை. வல்சலா சாப்பிட்டுவிட்டு, உப்பு சரியாக இருக்கிறது என்றாள்.

அடுத்த நாள் மத்தியானம், சுகதனின் ஆட்கள் சோறு தின்றுவிட்டு நாற்காலியில் வாய் திறந்து தூங்கும் நேரத்தில், அவன் மடியிலிருந்த சாவியை எடுத்து டிக்கியைத் திறந்தான். கட்டுக்கட்டாகப் பொன்விழா மலர். ஒவ்வொரு அட்டையிலும் மாஷ். அத்தனை மாஷ்களும் பார்த்துக்கொண்டிருக்க, பள்ளத்துக்குள் கையை விட்டான். காய்ந்து விறைத்த தோர்த்தில் சுற்றிய குழவி குளிர்ந்துபோய்க் கிடந்தது. எடுத்துக் குடைத்துணியில் மறைத்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம்; வல்சலா சிரிப்பாள், அண்ணன் தப்பிப்பான், கார் அமைதியாகும். பைலி மட்டும் அப்படியே இருப்பான். கொஞ்ச நேரம் அதை மடியில் வைத்துக்கொண்டு பம்பர் மேல் உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் சங்கத்தின் பொதுக்கூட்டம். புஷ்கரனுக்குத் தென்னைகள் உண்டு; அதனால் அவன் சங்க உறுப்பினரும்கூட. ஊழியனாக வாய் திறக்க முடியாதவன் தென்னை வைத்திருப்பவனாக வாய் திறக்கலாம். பின்பக்கச் சத்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளும் தீர்மானம் வந்தபோது அவன் எழுந்தான். நேராக மேடைக்குப் போய், தோர்த்தை அவிழ்த்துக் குழவியை மாஷின் முன்னால் வைத்தான். மேஜை ‘டொக்’ என்றது.

“சத்தம் இதுதான் மாஷே. என் வீட்டு அம்மியோடது. டிக்கிக்குள்ள கிடந்தது. பைலி மேல தப்பே இல்ல. ஹர்த்தால் அன்னிக்குக் கார எடுத்தது நான்.”

கைமள் காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார். பைலியின் அம்மாவின் பெயரைச் சொல்லிப் பாலத்தைக் கடந்ததையும், மடியில் கள்ளச்சாவி வைத்திருந்ததையும் சேர்த்துச் சொன்னான். சொல்லச் சொல்ல நெஞ்சில் ஏதோ இறங்குவது போலிருந்தது. வேலை போனால் போகட்டும் என்று நின்றான்.

மாஷ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எந்த நாள்னு சொன்ன?”

“ஹர்த்தால் நாள் மாஷே.”

“அன்னிக்கு நெடுங்கைதையில ஒரு சக்கரம்கூடச் சுத்தல. முழு வெற்றின்னு இதே சங்கத்துலருந்து மேலிடத்துக்குத் தந்தி போயிருக்கு. நான் கையெழுத்துப் போட்டேன். வர்க்கிச்சனும் போட்டார். இல்லையா வர்க்கிச்சா?”

வர்க்கிச்சன் யோசித்தார். எதிர்க்கத்தான் ஆசை. ஆனால் கையெழுத்துப் போட்டது உண்மை. “சுத்தல” என்றார்.

பாலத்தில் நின்றவன் சுகதன்தானே, அவனைக் கேளுங்கள் என்று புஷ்கரன் கெஞ்சினான். சுகதன் கடைசி வரிசையில் இருந்தான். அவன் தரையைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், புஷ்கரனை மட்டும் பார்க்கவில்லை.

“நான் நின்ன பாலத்துல காக்காகூடக் கடக்கல.”

“அப்ப நீ போகவே இல்ல புஷ்கரா” என்றார் மாஷ், பரீட்சையில் தேறிய பையனிடம் சொல்வது போல. “போகாதவன் எப்படிக் கல்லை ஏத்துவான்?”

விருந்தினராக வந்திருந்த புரொபசர் ஈப்பன் மேடைக்கு வந்து குழவியை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். கல் இருப்பதைத் தான் மறுக்கவில்லை என்றார். “ஆனா கல்லை எடுத்ததும் சத்தம் நின்னுடுச்சுன்னா, கல்லாலதான் சத்தம் வந்துச்சுன்னு ஆயிடுமா? அப்படிப் பாத்தா, இதுவரைக்கும் நாங்க படிச்சதெல்லாம் என்னத்துக்கு?” கூட்டம் கைதட்டியது. குஞ்ஞுண்ணிக் கைமள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் தாமதமாகத் தட்டினார்.

அறிக்கை ஏற்கப்பட்டது. புஷ்கரன் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி அவனே கேட்டான். குற்றம் நடக்காததால் நடவடிக்கை எடுக்க விதியில் இடமில்லை என்று அம்பிகாதேவி வருத்தப்பட்டாள். விசுவாசமான ஊழியன் ஒரு ஏழை மெக்கானிக்குக்காகத் தன்மேல் பழி போட்டுக்கொள்ளத் துணிந்ததைப் பாராட்டி ஒரு வரித் தீர்மானம் போட்டார்கள். கடைசியில் குழவி மட்டும் மேஜையில் மிஞ்சியது. சங்கத்தின் காருக்குள் கிடைத்தது, யாரும் கொண்டுவராதது. ஆகவே சங்கத்தின் சொத்து என்று முடிவாகி, அறிக்கை காற்றில் பறக்காமல் இருக்க அதன் மேலேயே வைத்தார்கள். இப்போதும் தலைவரின் மேஜையில் இருக்கிறது. வல்சலா இன்னும் அண்ணனோடு பேசுவதில்லை.

கார் மறுநாளிலிருந்து சத்தமே இல்லாமல் ஓடியது. பாலத்தில் மாஷ் முன்பக்கம் சாய்ந்தார்.

“கேட்டியா?”

“இல்ல மாஷே. இப்ப ஒண்ணும் கேட்கல.”

“பழகிட்டா கேட்காது. புதுக் கார் வர்றவரைக்கும் பொறுத்துக்க.”

இனி பைலி ஒருத்தன்தான் பாக்கி என்று புஷ்கரன் நினைத்தான். ஊர் நம்பாவிட்டால் போகிறது, அவன் நம்பினால் போதும். ஒர்க்‌ஷாப்புக்குப் போய் எல்லாவற்றையும் மறுபடி சொன்னான். காட்டுவதற்குக் கல்கூடக் கையில் இல்லை. பைலிக்குக் கண் கலங்கிவிட்டது.

“எனக்காகச் சேட்டன் மீட்டிங்குல அப்படிப் பொய் சொன்னீங்களாமே. இந்த ஜென்மத்துல மறக்க மாட்டேன்.”

“பொய் இல்லடா. நீயே ஏறி வந்து கேளு. ஒரு சத்தமும் கிடையாது.”

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த தாயையும் மகனையும் காரில் ஏற்றினான். மாஷிடம் கேட்கவில்லை. கேட்காமல் எடுத்தாலும் எடுத்ததாக ஆகாது என்று இப்போது தெரிந்துவிட்டதே. பைலி பின்சீட்டில் உட்கார்ந்து காதைச் சீட்டின் சாய்மானத்தில் வைத்துக்கொண்டான். ஏலியாம்மா முன்சீட்டில், வெள்ளை முண்டின் விசிறிமடிப்பு கசங்காமல் ஒதுங்கி உட்கார்ந்தாள்.

கார் கிளம்பியதும் புஷ்கரன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, “அம்மச்சி, நான் அன்னிக்கு உங்கள சாகடிச்சிட்டேன். மன்னிக்கணும்” என்றான்.

ஏலியாம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அவன் வண்டியை மெதுவாக்கினான். சிரித்துக்கொண்டிருந்தாள்.

“அதான் விஷயமா! அன்னிக்குச் சாயங்காலம் சுகதன் ஒரு மலர்வளையம் தூக்கிக்கிட்டு முற்றத்துல வந்து நின்னான். நான் மீன் கழுவிட்டிருந்தேன். என்னடான்னேன். வழி தவறிட்டேன்னு சொல்லிட்டுப் போயிட்டான். பொறந்ததுலருந்து இந்த ஊர்ல இருக்கறவன்.”

“இதை வந்து மீட்டிங்குல சொல்லுங்க அம்மச்சி. உங்க மகன் பேரு…”

“சொன்னா, காரே போகல, நீ சாகவும் இல்லம்பாங்க. அதுதான் எனக்கே தெரியுமே.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “வளையம் பெருசாத்தான் இருந்துச்சு. எல்லாம் நல்ல பூ.”

பாலம் வந்தது. புஷ்கரன் வேண்டுமென்றே வேகத்தைக் குறைக்காமல் ஏற்றினான். கார் எண்ணெய் தடவியது போல ஏறியது. ஒன்றுமில்லை. வெற்றியோடு கண்ணாடியில் பார்த்தான். பைலி கண்ணை மூடி, காதைச் சாய்மானத்தில் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தான். அவன் முகம் மெல்ல மெல்லத் தொங்கியது.

“கேக்குது சேட்டா. லேசா. புஷ்தான்.”

“எனக்கு ஒண்ணும் கேக்கல” என்றாள் ஏலியாம்மா.

“அம்மச்சிக்குக் காது போயிடுச்சு.”

புஷ்கரன் திரும்பிப் பார்த்து, இல்லவே இல்லை, அது நான்தான் என்று கத்த நினைத்தான். கார் அப்போது பாலத்தைவிட்டு இறங்கியது. பின்னால், அந்தக் காலிப் பள்ளத்திலிருந்து, டொக்.

ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

“இப்பவாவது கேட்டுச்சா சேட்டா?” என்று பைலி கேட்டான்.

“கேட்டுச்சு” என்றான் புஷ்கரன்.